மூன்று ஸ்கூப் வே புரோட்டீன் எனக்குத் தேவையா?

கேள்வி: எனக்கு 34 வயது, எடை 68 கிலோ. ஜிம்மில் எடைப் பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. அசைவமும் முட்டையும் சாப்பிடுவதில்லை. பால், தயிர் உண்டு. “பருப்பில் இருப்பது இரண்டாந்தரப் புரதம், அது தசைக்குப் போகாது, வே ஐசோலேட்தான் ஒரே வழி” என்று சொல்லி, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் அந்தப் புரதப் பவுடரைத் தினமும் மூன்று ஸ்கூப் குடிக்கச் சொல்கிறார் டிரெய்னர். டப்பாவில் ‘பயோலாஜிக்கல் வேல்யூ 159’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. வீட்டில் மாமனாரோ, “இது கெமிக்கல், கிட்னி போய்விடும்” என்கிறார். அவருக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. சமீபமாக உடம்பு இளைத்து, நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படுகிறார். யார் சொல்வது சரி? லேபிளில் இருப்பதையும் நான் ஒரு நாளில் சாப்பிடுவதையும் எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்: டிரெய்னர் சொன்னதில் கால்வாசி சரி, மாமனார் சொன்னதிலும் கால்வாசி சரி. ஆனால் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இருவருமே கூட்டிப் பார்க்கவில்லை. அதை முதலில் செய்துவிடுவோம்.

உங்கள் பட்டியல்படி பாலும் தயிருமாக அரை லிட்டர், சமைக்கும் முன் எடை போட்டால் 80 கிராம் பருப்பு, பயறு வகைகள், 300 கிராம் தானியம், ஒரு கைப்பிடி நிலக்கடலை. பாலில் சுமார் 16 கிராம் புரதம் வரும். பருப்பில் 18, தானியத்தில் 27, கடலையில் 7. மொத்தம் 68 கிராம். உங்கள் எடையும் 68 கிலோ என்பதால் கணக்கு சுலபம்: கிலோவுக்கு ஒரு கிராம். தானியத்தின் 27 கிராமைக் கவனித்தீர்களா? புரதம் என்று யாரும் நினைக்காத தானியம்தான் உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம். அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குத் தேவை கூடுதல்; 1.4 முதல் 2 கிராம் வரை என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. அதில் சராசரியாக 1.6 கிராமுக்கு மேல் போன பிறகு, கூடுதல் புரதத்தால் தசை மேலும் கூடியதாகத் தெரியவில்லை. ஆக உங்கள் இலக்கு 95 முதல் 109 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பற்றாக்குறை 27 முதல் 41 கிராம்.

உங்கள் டப்பாவின் ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம். அதைச் சேர்த்தால் 92. கூடவே 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டையைச் சமைத்துச் சாப்பிட்டால் இன்னொரு 15 கிராம், மொத்தம் 107. முடிந்தது வேலை. டிரெய்னர் சொன்னபடி மூன்று ஸ்கூப் குடித்தால் 140 கிராமாகிவிடும், அதாவது கிலோவுக்கு இரண்டு கிராமுக்கும் மேல். விஷமில்லை, ஆனால் வீண். தசைக்குத் தேவைப்படாத அமினோ அமிலத்தை உடம்பு அப்படியே சேமித்து வைக்காது. அதிலுள்ள நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிட்டு, மீதியை எரிபொருளாகச் செலவழித்துவிடும். அதற்கு இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பவுடர் எதற்கு?

சரி, தரத்துக்கு வருவோம். பருப்பு ‘இரண்டாந்தரம்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்ற எட்டும் அந்த அளவுக்குத்தான் பயன்படும். பத்துச் சட்டைக்குத் துணி இருக்கிறது, பொத்தான் ஆறு சட்டைக்குத்தான் இருக்கிறது என்றால் எத்தனை சட்டை தைக்க முடியுமோ, அதே கணக்கு. தானியங்களில் குறைவது லைசின். பருப்பு வகைகளில் லைசின் தாராளம், ஆனால் கந்தகம் உள்ள மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். ஒரே தட்டில், ஒரே வாயில் சேர்த்துச் சாப்பிட்டால்தான் என்றில்லை. ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும். உங்கள் சாப்பாட்டில் பாலும் இருக்கிறது, அதில் இரண்டுமே நிறைய உண்டு.

இதை எண்ணாகச் சொல்ல ஒரு மதிப்பெண் முறை 1991-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து பரிந்துரைத்தது. லேபிள்களில் பி.டி.சி.ஏ.ஏ.எஸ். என்று பார்த்திருப்பீர்கள். ஓர் உணவில் மிகக் குறைவாக இருக்கும் அமினோ அமிலத்தை எடுத்து, மனிதத் தேவையோடு ஒப்பிட்டு, செரிக்கும் அளவால் பெருக்குவார்கள். இதில் 1-க்கு மேல் யாருக்கும் மதிப்பெண் கிடையாது. அதனால்தான் வே, பால், முட்டை எல்லாமே 1 வாங்கி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. சோயாவிலிருந்து பிரித்த புரதமும் அவற்றை ஒட்டியே வருகிறது. டப்பாவில் ‘1.0’ என்று கொட்டை எழுத்தில் போடுவது பெருமையில்லை. ஒரு டம்ளர் பாலுக்கும் அதே 1.0தான்.

2013-ல் உணவு விவசாய நிறுவனம் டி.ஐ.ஏ.ஏ.எஸ். என்ற புது முறையைப் பரிந்துரைத்தது. பழைய முறையில் மலத்தில் மிஞ்சும் நைட்ரஜனை வைத்துத்தான் செரிமானத்தைக் கணக்கிட்டார்கள். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதற்குள் தங்கள் கைவரிசையைக் காட்டிவிடும் என்பதால் அது அவ்வளவு நம்பகமில்லை. புது முறையில் சிறுகுடலின் முடிவிலேயே, ஒவ்வொரு அமினோ அமிலமாக அளக்கிறார்கள். 1 என்ற உச்சவரம்பும் இல்லை. இந்த முறையில் 2015-ல் வெளியான ஓர் அளவீட்டில் வே ஐசோலேட்டுக்கு (மற்றவற்றைப் பெரும்பாலும் நீக்கிப் புரதத்தை மட்டும் பிரித்த ரகம்) 1.09, சோயா ஐசோலேட்டுக்கு 0.90, வெந்த அரிசிக்கு 0.60-க்குச் சற்றுக் குறைவு. பாலின் புரதம் முழுவதையும் சேர்த்துச் செறிவாக்கிய பவுடருக்கு 1.18. அதாவது வே மட்டும் பிரித்தெடுத்ததைவிட, பாலின் மற்றொரு புரதமான கேசினும் வேயும் சேர்ந்த பால் புரதத்துக்கு மதிப்பெண் அதிகம். இதை எந்த வே டப்பாவிலும் போட மாட்டார்கள்.

உங்கள் டப்பாவில் இருக்கும் 159 இன்னும் வேடிக்கை. பயோலாஜிக்கல் வேல்யூ என்பது உடம்பு உறிஞ்சிய நைட்ரஜனில் எத்தனை சதவீதம் தங்குகிறது என்ற கணக்கு. உறிஞ்சியது நூறு என்றால் தங்கியது நூற்றைம்பத்தொன்பது எப்படி ஆகும்? முட்டையை 100 என்று வைத்து ஒப்பிடும் பட்டியல்களில் வேக்கு 104 என்று வரும், அது ஒப்பீட்டு எண். 159 விளம்பரத்துக்கான எண். அதைப் பார்த்து டப்பாவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்த மதிப்பெண்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: “இந்த ஒன்றை மட்டுமே புரதத்துக்கு நம்பி, அதையும் அளவாகச் சாப்பிட்டால் போதுமா?” பயோலாஜிக்கல் வேல்யூவை அளப்பதே குறைந்த அளவு புரதம் கொடுத்துத்தான், அளவு கூடினால் எண் இறங்கிவிடும். நீங்கள் எதையும் தனியாகச் சாப்பிடுவதில்லை, குறைவாகவும் சாப்பிடுவதில்லை. மொத்த அளவு போதுமான இடத்துக்கு வந்துவிட்டால், தர வித்தியாசம் பெரும்பாலும் அடங்கிப்போய்விடும். பிரேசிலில் 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பால்கூடத் தொடாத முழுச் சைவ இளைஞர்களையும் எல்லாம் சாப்பிடும் இளைஞர்களையும் 12 வாரம் காலுக்குப் பயிற்சி செய்ய வைத்தார்கள். சைவர்களுக்குச் சோயா பவுடர், மற்றவர்களுக்கு வே பவுடர். இரு தரப்புக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் வருமாறு பார்த்துக்கொண்டார்கள். தசையும் பலமும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் கூடின. பருப்பு தசைக்குப் போகாது என்று யாராவது சொன்னால், அது எந்த வழியில் திரும்பிப் போகிறது என்று கேளுங்கள்.

அப்புறம் டிரெய்னர் சொன்னதில் சரியான கால்வாசி. வே புரதத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. தசையில் புரதம் கட்டும் வேலையைத் தொடங்கி வைப்பதே இதுதான். பாலின் இன்னொரு புரதமான கேசின் வயிற்று அமிலத்தில் திரண்டு கட்டியாகி மெதுவாக இறங்கும். வே கரைந்த நிலையிலேயே சீக்கிரம் குடலுக்குப் போய்விடும். அதனால் பயிற்சி முடித்த முதல் சில மணி நேரத்தை மட்டும் அளந்தால் சோயாவையும் கேசினையும்விட வே முந்துகிறது. சில மணி நேரத்து வேகம் மாதக்கணக்கில் அவ்வளவு பெரிய வித்தியாசமாக நிற்பதில்லை, அதுதான் விஷயம். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் போச்சு என்பதும் அப்படித்தான். உங்களுக்கு வசதியான நேரத்தில் குடியுங்கள்.

இப்போது லேபிள். இங்கேதான் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். டப்பாவின் முகப்பில் ஐசோலேட் என்று இருக்கிறது. பின்பக்கம் ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரதம் 24 கிராம். வகுத்தால் 73 சதவீதம். ஐசோலேட் என்றால் பவுடரில் 90 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். சுவைக்குச் சேர்த்த கோகோவையும் இனிப்பையும் கழித்தாலும் 80-ஐத் தாண்ட வேண்டும். சேர்பொருள் பட்டியலைப் பாருங்கள்: முதலில் வே புரோட்டீன் கான்சென்ட்ரேட் (அந்த அளவுக்குச் சுத்தமாகப் பிரிக்காத ரகம்), இரண்டாவதாகத்தான் ஐசோலேட். எடையில் எது அதிகமோ அதை முதலில் போடுவதுதான் முறை. ஆக இது கான்சென்ட்ரேட்டில் கொஞ்சம் ஐசோலேட் கலந்தது. கான்சென்ட்ரேட் மோசமான பொருள் இல்லை, நல்ல கான்சென்ட்ரேட்டில் 80 சதவீதம் புரதம் இருக்கும், உங்களுக்கு அதுவே போதும். ஐசோலேட் விலை கொடுத்து வாங்கியதுதான் வருத்தம்.

அதைவிடப் பட்டியலின் கடைசியில் இருக்கும் இரண்டு பெயர்கள் எனக்கு உறுத்துகின்றன: எல்-கிளைசின், டாரின். ஒரு பவுடரில் எவ்வளவு புரதம் என்று ஆய்வகத்தில் பார்க்கும் வழக்கமான வழி, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆலோ, பால் பொருளென்றால் 6.38-ஆலோ பெருக்குவது. டென்மார்க்கில் யோஹான் கெல்டால் 1883-ல் கண்டுபிடித்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்த முறைக்குத் தெரியாது. கிளைசின் மலிவான அமினோ அமிலம். அதில் நைட்ரஜன் புரதத்தில் இருப்பதைவிடச் சற்று அதிகம் என்பதால், ஒரு கிராம் கிளைசின் போட்டால் ஒரு கிராமுக்கு மேலேயே ‘புரதம்’ என்று கணக்கில் ஏறிவிடும். டாரின் புரதத்தின் பகுதியே அல்ல, இருந்தும் நைட்ரஜன் கணக்கில் சேரும். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. கிளைசினும் டாரினும் மெலமைன் போல நஞ்சில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் 24 கிராம் என்று போட்டிருப்பதில் எவ்வளவு உண்மையான வே என்று தெரியாமல் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் அமினோ அமிலப் பட்டியலையும் டப்பாவில் தருவார்கள். 24 கிராம் வே புரதத்தில் லியூசின் ஏறக்குறைய இரண்டரை கிராம் இருக்க வேண்டும், கிளைசின் அரை கிராமைச் சுற்றித்தான் இருக்கும். லியூசின் ஒன்றரைக்கு இறங்கி, கிளைசின் இரண்டு, மூன்று என்று ஏறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் டப்பாவில் அந்தப் பட்டியலே இல்லை. அடுத்த முறை, சேர்பொருள்கள் நாலைந்துக்கு மேல் போகாத, இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் அல்லது என்.எஸ்.எஃப். போன்ற வெளி நிறுவனத்தின் சோதனை முத்திரை உள்ள ஒன்றாகப் பாருங்கள். ஹைட்ரோலைசேட் என்று இன்னும் விலை உயர்ந்த ரகத்தைக் காட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள்; என்சைம் போட்டு முன்கூட்டியே உடைத்தது, கசக்கும், உங்கள் குடலால் இலவசமாகச் செய்ய முடிந்த வேலை அது. ‘மாஸ் கெயினர்’ என்று விற்பதும் வேண்டாம், பெரும்பகுதி மாவுச்சத்துதான்.

வயிறு உப்புவதற்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் காரணம், சுத்தமான ஐசோலேட்டுக்கு மாறு என்று யாராவது சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது பொருந்தவில்லை. தினமும் அரை லிட்டர் பாலும் தயிரும் எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடுகிறீர்கள். அதில் இருபது கிராமை ஒட்டி லாக்டோஸ் இருக்கும். கான்சென்ட்ரேட் ஒரு ஸ்கூப்பில் இருப்பது இரண்டு கிராம் சொச்சம். இருபதைச் செரிக்கும் வயிறு இரண்டுக்குப் புரள்வதாவது! பட்டியலில் இருக்கும், கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம், செயற்கை இனிப்புகள் மேல்தான் எனக்குச் சந்தேகம். மூன்று ஸ்கூப்பையும் ஷேக்கரில் நுரை பொங்கக் குலுக்கி ஒரே மூச்சில் குடிப்பதும் சேர்ந்திருக்கலாம். ஒரு ஸ்கூப்பாகக் குறைத்து, நுரை அடங்கவிட்டு, மெதுவாகக் குடித்துப் பாருங்கள். அப்போதும் உப்பினால் சுவை சேர்க்காத ரகத்துக்கு மாறலாம். தோல் தடித்து அரிப்பதோ, உதடு வீங்குவதோ, மூச்சு இரைப்பதோ இருந்தால் அது வேறு கதை: பால் புரத ஒவ்வாமை. அதற்கு ஐசோலேட்டும் ஆகாது, உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி உங்கள் மாமனாரின் கேள்வி. கெமிக்கலா? பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது, பாலின் புரதத்தில் 80 சதவீதமான கேசின் கட்டியாகிவிடும். மீதி 20 சதவீதம் பச்சை கலந்த மஞ்சள் நிறத் தண்ணீரில் தங்கிவிடும். ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின்தான் அந்த நிறத்தைத் தருகிறது. அந்தத் தண்ணீரில் புரதம் ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதனால் நெடுங்காலம் அதைப் பன்றிக்கு ஊற்றினார்கள், ஆற்றில் விட்டார்கள், ஆறு கெட்டது. பிறகு மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வழியாக வடிகட்டும் தொழில்நுட்பம் வந்தது. தண்ணீரும் லாக்டோஸும் உப்பும் வெளியேற, புரதம் மட்டும் இந்தப் பக்கம் நிற்கும். அதைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பவுடர். இதுதான் வே. இதில் மந்திரமும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. சூழ்ச்சி இருந்தால் அதற்கப்புறம் கலக்கும் பொருள்களில்தான்.

கிட்னி? ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அதிகப் புரதம் சுமை, அதுவும் உண்மை. பிரச்சினை என்னவென்றால், சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் பவுடரைத் தொடரும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் ஆல்புமின் (ரத்தத்திலிருந்து கசியும் புரதம்) இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிரியாட்டின் என்ற இன்னொரு பவுடரும் எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதனாலும் கிரியாட்டினின் அளவு சற்று ஏறித் தெரியும், வீணாகப் பயப்பட நேரும்.

எனக்கு உங்களைவிட உங்கள் மாமனாரைப் பற்றித்தான் கவலை. புரதத்தின் தரம் உண்மையிலேயே முக்கியமாவது அவரைப் போன்றவர்களுக்கு. வயதானால் பசி குறையும், சாப்பிடும் அளவு குறையும். அதே சமயம் தசை மந்தமாகிவிடும். இளைஞரின் தசை 20 கிராம் புரதத்துக்கு எழுந்து வேலை செய்தால், முதியவரின் தசைக்கு அதைவிட அதிகம் வேண்டும், லியூசினும் அதிகம் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் முதுமை மருத்துவ நிபுணர்கள் குழு ஒன்று பரிந்துரைத்ததற்குக் காரணமும் இதுதான். அவர் சாப்பிடும் கொஞ்சத்தில் பெரும்பகுதி தானியமாக இருந்தால் லைசின் பற்றாக்குறை அவருக்கு நிஜமாகவே வரும். உங்கள் சாப்பாட்டில் அடங்கிப்போகும் மதிப்பெண் வித்தியாசம் அவர் தட்டில் அடங்காது.

அதற்காக நாளைக்கே அவருக்கு ஒரு ஸ்கூப் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ள 71 வயதுக்காரர் காரணமில்லாமல் இளைக்கிறார் என்றால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் தொடும் நோய். அதில் பழுது தெரிந்தால் அவருக்கான அளவு கிலோவுக்கு 0.8 கிராமுக்கு அருகே வந்துவிடும், அதை அவருடைய மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டுக்கு முன் வே குடித்தால், அதன் பிறகு சர்க்கரை ஏறும் வேகமும் மாறும். அதையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சோதனைகள் எல்லாம் சரி என்று வந்தால், காலைச் சாப்பாட்டோடு அரை ஸ்கூப், மதியம் கொஞ்சம் கூடுதல் பருப்பும் தயிரும், கூடவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சி. அந்தப் பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் கொடுத்துப் பெரிய பலன் இருக்காது. சுடுபாலில் கலந்தால் பவுடர் கட்டி தட்டும், வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கலக்குங்கள். பரிசோதனைக்கு உங்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் போங்கள். இருவருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்துவிடலாம். அவருடைய ரிப்போர்ட்டையும், அவர் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிய குறிப்பையும் அனுப்பினால், எந்த வேளைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தருகிறேன்.